ஆங்கிலச் சுருக்கங்கள்: என் மாலை வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைத் தாமே படித்துவிட வேண்டும் என்று வரும் அம்மாக்கள் எனப் பலதரப்பட்டவர்கள். இலக்கணத்தில் சந்தேகம் என்றால் சத்தமாகக் கேட்பார்கள். ஒரு சுருக்கத்துக்கு விரிவு தெரியவில்லை என்றால் மட்டும் வகுப்பு முடிந்த பிறகு தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஊருக்கே தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லை என்ற எண்ணம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு சுருக்கம் அதை உண்டாக்கிய இடத்துக்காக உண்டானது. ஆஸ்பத்திரியில் பிறந்தது ஆஸ்பத்திரிக்காரருக்குப் புரியும், தந்தி ஆபீசில் பிறந்தது தந்திக்காரருக்குப் புரியும். வெளியே நிற்பவருக்கு விரித்துச் சொல்வது எழுதுகிறவரின் பொறுப்பு. அப்படித் தனியாக வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பஸ் என்பதே ஒரு சுருக்கச் சொல் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. முழுச் சொல் ஆம்னிபஸ். லத்தீன் மொழியில் அதற்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். 1820களில் பிரான்சில், காசு கொடுக்கும் எவரும் ஏறிக்கொள்ளலாம் என்று ஓடிய குதிரை வண்டிகளுக்கு இந்தப் பெயர் வந்தது. 1829-இல் ஜார்ஜ் ஷில்லிபீர் என்பவர் லண்டனில் அதே போன்ற வண்டியை ஓட்டத் தொடங்கினார். பெயரும் கூடவே வந்து சேர்ந்தது. பிறகு ஜனங்கள் வாயில் அது பஸ் ஆகிவிட்டது.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சொல்லில் 'எல்லோர்' என்ற பொருள் முழுவதும் ஆம்னி என்ற முன்பகுதியில்தான் இருக்கிறது. பஸ் என்பது வெறும் வேற்றுமை உருபு, நம்முடைய 'கு' மாதிரி. 'எல்லோருக்கும்' என்பதில் 'எல்லோர்' போய் 'க்கும்' மட்டும் நின்றால் எப்படி இருக்கும்? உலகம் முழுவதும் அந்தக் 'க்கும்'மில் ஏறித்தான் வேலைக்குப் போய் வருகிறது.

நம் ஊரில் இரவில் ஓடும் தனியார் வண்டியை ஆம்னி பஸ் என்கிறோம் அல்லவா? அது இந்தப் பழைய சொல்லேதான். மோட்டார் வாகனச் சட்டத்தில், ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டிக்கு ஆம்னிபஸ் என்றே பெயர். பிரிந்துபோன தலையும் வாலும் சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே இன்னும் சேர்ந்தே ஓடுகின்றன.

ஒரு சொல்லை எந்தெந்த விதமாகச் சுருக்குகிறார்கள்?

இதற்கு நம் இலக்கணத்திலேயே தயாராகப் பெயர் இருக்கிறது: முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை. தாமரை 'மரை' ஆவதும், ஓந்தி 'ஓதி' ஆவதும், நீலம் 'நீல்' ஆவதும் பள்ளியில் படித்ததுதான். நமக்கு அது செய்யுளில் வருவது. ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சிலேயே நடக்கிறது.

டெலிபோன் போன் ஆனதும் ஏரோபிளேன் பிளேன் ஆனதும் முதற்குறை. எக்ஸாமினேஷன் எக்ஸாம் ஆனது, லேபரட்டரி லேப் ஆனது, அட்வர்டைஸ்மென்ட் ஆட் ஆனது எல்லாம் கடைக்குறை. ஆங்கிலத்தில் இந்த வகைதான் அதிகம். இடைக்குறை அரிது. மேடம் என்பது மேம் ஆனது அதற்கு நல்ல உதாரணம். தலையையும் வாலையும் சேர்த்து வெட்டுவதும் உண்டு: இன்ஃபுளுயென்சாவில் நடுத்துண்டு மட்டும் நின்று ஃபுளு ஆயிற்று, ரெஃப்ரிஜிரேட்டர் ஃபிரிஜ் ஆயிற்று.

இரண்டு சொல்லை வெட்டி ஒட்டுவது இன்னொரு வகை. ஸ்மோக், ஃபாக் இரண்டும் சேர்ந்து ஸ்மாக். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்து பிரஞ்ச். தங்கிலீஷ் என்ற சொல்லும் இப்படிப் பிறந்ததுதான். தஞ்சாவூரைத் தஞ்சை என்றும் கோயம்புத்தூரைக் கோவை என்றும் சொல்கிற நமக்கு இதெல்லாம் புதிதே இல்லை. மரூஉ என்று சொல்லிக் கொடுத்தால் வகுப்பில் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

பிபிசியை எழுத்து எழுத்தாகச் சொல்கிறோம். நாசாவை ஒரே சொல்லாகச் சொல்கிறோம். ஏன்?

வாயில் வருகிறதா என்பதுதான் கணக்கு. பி, பி, சி மூன்றும் ஆங்கிலத்தில் மெய்யெழுத்துகள். நடுவில் உயிரெழுத்து இல்லாததால் சேர்த்துப் படிக்க முடியாது. நாசாவிலும் இஸ்ரோவிலும் யுனெஸ்கோவிலும் உயிரெழுத்து சரியான இடத்தில் விழுந்திருக்கிறது, சொல்லாகப் படிக்க வருகிறது. சொல்லாகப் படிக்கும் வகைக்கு ஆங்கிலத்தில் அக்ரோனிம் என்று பெயர். எழுத்தெழுத்தாகப் படிப்பது இனிஷியலிசம்.

தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. நாம் முதல் எழுத்தை எடுக்கும்போது அதோடு உயிரும் கூடவே வந்துவிடுகிறது. திமுக, அதிமுக, மதிமுக என்று எதைச் சுருக்கினாலும் அது படிக்கக்கூடிய சொல்லாகவே இருக்கும். அதே கட்சியை ஆங்கிலத்தில் சொல்லும்போது டி.எம்.கே. என்று எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல முடிகிறது.

சில அக்ரோனிம்கள் சொல்லாகவே ஊறிப்போய், அவை சுருக்கம் என்பதே மறந்துவிடுகிறது. ரேடார் என்பது ரேடியோ டிடெக்ஷன் அண்ட் ரேஞ்சிங். 1940-இல் அமெரிக்கக் கடற்படை வைத்த பெயர். லேசர் இன்னும் நீளம்: லைட் ஆம்ப்ளிஃபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆஃப் ரேடியேஷன். கோர்டன் கூல்ட் என்ற இயற்பியல் ஆய்வாளர் 1957-இல் தன் குறிப்பேட்டில் எழுதியது. கண் ஆஸ்பத்திரியில் லேசர் சிகிச்சை என்று போர்டு வைக்கும்போது யாரும் எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைப்பதில்லை. சிம் கார்டில் உள்ள சிம் கூட அப்படித்தான்: சப்ஸ்கிரைபர் ஐடென்டிட்டி மாட்யூல்.

சுருக்கத்துக்கு முன்னால் 'ஏ' போடுவதா, 'ஆன்' போடுவதா?

ஒரு சுலபமான வழி. அந்தச் சுருக்கத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் ஆன், இல்லையென்றால் ஏ. எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர்., எஸ்.எம்.எஸ்., இஸ்ரோ எல்லாம் நமக்கு உயிரெழுத்தில் தொடங்குகின்றன, அதனால் ஆன். டி.வி., யு.பி.எஸ்., நாசா இவற்றுக்கு ஏ. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் குழப்பும். யு அங்கே உயிரெழுத்து, ஆனால் ஒலி 'ய'வில் தொடங்குகிறது. இந்த விதி ஒலியை வைத்துத்தான் நடக்கிறது, தமிழ் எழுத்தோ ஒலியை அப்படியே காட்டிவிடுகிறது.

இ.ஜி., ஐ.இ. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தில் காசே போகலாம். இ.ஜி. என்பது எக்ஸெம்ப்லி கிராட்டியா, அதாவது 'உதாரணமாக'. ஐ.இ. என்பது இட் எஸ்ட், 'அதாவது'. இரண்டும் லத்தீன்.

ஒரு விண்ணப்பத்தில் 'முகவரிச் சான்று, இ.ஜி. ரேஷன் கார்டு' என்று இருந்தால் மின் கட்டண ரசீதையும் கொண்டுபோய்ப் பார்க்கலாம். ரேஷன் கார்டு ஓர் உதாரணம்தான். 'முகவரிச் சான்று, ஐ.இ. ரேஷன் கார்டு' என்று இருந்தால் ரேஷன் கார்டு மட்டும்தான், வேறு எதையும் வாங்க மாட்டார்கள். நீங்களே எழுதும்போது எது என்று தயக்கமாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, 'உதாரணமாக' என்ற இடத்தில் ஃபார் எக்ஸாம்பிள் என்றும் 'அதாவது' என்ற இடத்தில் தட் இஸ் என்றும் முழுதாக எழுதுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

எட்ஸெட்ரா பற்றியும் ஒரு வரி. 'எட்' என்றாலே 'மற்றும்' என்றுதான் பொருள். அதனால் 'அண்ட் எட்ஸெட்ரா' தேவையில்லை. 'மற்றும்' என்பதற்கு நாம் போடும் & குறியும் இந்த 'எட்'தான்; இ, டி இரண்டையும் சேர்த்து எழுதி எழுதி அந்த வடிவம் வந்தது.

டாக்டர் சீட்டில் இருக்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதைத்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சீட்டில் மூன்று வரி. முதல் மாத்திரைக்கு எதிரே பி.டி., பி.சி., பக்கத்தில் 5/7. இரண்டாவதற்கு ஓ.டி., ஏ.சி. மூன்றாவது, வலி மாத்திரை. அதற்கு எதிரே எஸ்.ஓ.எஸ். அம்மா தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். எஸ்.ஓ.எஸ். என்றால் உயிருக்கு ஆபத்து என்ற செய்தி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 'உயிர் போற மாதிரி இருந்தா மட்டும் போடணும்போல' என்று அந்த அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மூன்று இரவு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். நான்காம் நாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

மருந்துச் சீட்டில் வரும் எஸ்.ஓ.எஸ். வேறு. லத்தீனில் சி ஓபஸ் சிட், 'தேவைப்பட்டால்' என்று பொருள். வலி இருந்தால் போடலாம், இல்லையென்றால் வேண்டாம், அவ்வளவுதான். அதையும் ஒரு நாளில் எத்தனை தடவை வரை போடலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றவை இவை. ஓ.டி. என்பது ஓம்னி டீ, தினம் ஒரு வேளை. ஆம்னி பஸ்ஸில் பார்த்த அதே ஆம்னி. பி.டி. தினம் இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, கியூ.ஐ.டி. நான்கு வேளை. எச்.எஸ். என்றால் ஹோரா சோம்னி, தூங்கப் போகும் நேரம். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். ஸ்டாட் என்று இருந்தால் உடனே. 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. பின்னம் போலத் தெரியும் 5/7 பலரைக் குழப்புகிறது. கீழே ஏழு இருந்தால் நாள் கணக்கு: ஐந்து நாள். கீழே 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். ஆக 2/52 என்றால் இரண்டு வாரம்.

சீட்டின் தலைப்பில் ஆர் எழுத்தின் காலில் கோடு போட்டது போல ஒரு குறி இருக்குமே, அது ரெசிபி என்ற லத்தீன் சொல். 'எடுத்துக்கொள்' என்று பொருள். சமையல் ரெசிபியும் இதே சொல்தான். ஆங்கிலத்தில் மருந்துக்கு வந்த பிறகுதான் அது அடுப்படிக்குப் போனது.

படித்தவர்களே தவறக்கூடிய இடம் இது என்பதையும் சொல்ல வேண்டும். கண் மருத்துவத்தில் ஓ.டி. என்றால் வலது கண். சொட்டு மருந்துச் சீட்டில் ஓ.டி. என்று மட்டும் இருந்தால் தினம் ஒரு தடவையா, வலது கண்ணிலா? இன்சுலின் யூனிட்டைக் குறிக்க யு என்ற எழுத்தை எண்ணுக்கு ஒட்டிக் கையால் எழுதினால் அது சுழியம் போலத் தெரியும். பத்து யூனிட் நூறாகிவிடும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன், 2004-இல் எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் கொண்டுவந்தது. அந்த யு அதில் இருக்கிறது. மார்ஃபினையும் மக்னீசியம் சல்பேட்டையும் ஒன்றாகக் காட்டக்கூடிய எம்.எஸ். என்ற சுருக்கமும் இருக்கிறது. நம் நாட்டிலும் 2016-இல் மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தி, மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது.

மருந்துக் கடையில் ஒரு நிமிடம் நின்று, 'இதை எப்போது, எத்தனை நாள் போடணும், தமிழில் எழுதிக் கொடுங்க' என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கட்டும்.

அப்படியானால் கப்பல் அனுப்பும் எஸ்.ஓ.எஸ்.ஸுக்கு விரிவு 'சேவ் அவர் சோல்ஸ்' தானே?

அதற்கு விரிவே இல்லை. மோர்ஸ் தந்தி முறையில் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று இடைவெளி இல்லாமல் தட்டினால் எவ்வளவு இரைச்சலிலும் தனியாகக் கேட்கும். அதற்காகத்தான் ஜெர்மானியர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1906-இல் பெர்லினில் நடந்த மாநாட்டில் எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. ஆன்மாக்களைக் காப்பாற்றச் சொல்லும் விரிவு, நினைவில் வைக்க வசதியாக யாரோ பிறகு சேர்த்தது.

நியூஸ் என்றால் நான்கு திசைகளின் முதல் எழுத்து என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இதே ரகம். 'புதியது' என்ற சொல்லின் பன்மைதான் நியூஸ். பொதுவாக ஒன்றைக் கவனியுங்கள்: முதல் எழுத்துகளைக் கோத்துப் புதுச் சொல் செய்யும் பழக்கம் ஆங்கிலத்தில் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு வெகு காலம் முந்தைய சொல்லுக்கு யாராவது விரிவு சொன்னால் பெரும்பாலும் அது கட்டிய கதை.

ஓகே?

இது அந்த விதிக்கு அரிய விலக்கு. 1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு: சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, பிறகு அதைச் சுருக்குவது. ஆல் கரெக்ட் என்பதை ஓ, கே என்ற எழுத்துகளில் தொடங்குவது போலத் தப்பாக எழுதி ஓ.கே. என்று ஆக்கினார்கள். 1839 மார்ச் 23-ஆம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில் அது அச்சானது. கூடவே பிறந்த மற்றவையெல்லாம் கொஞ்ச நாளில் செத்துப்போயின. இது பிழைத்ததற்கு ஒரு தேர்தல் காரணம். அடுத்த வருடம் மறுபடி போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹுக். ஆதரவாளர்கள் அவரை ஓல்டு கிண்டர்ஹுக் என்று அழைத்து, ஓ.கே. கிளப் என்று சங்கம் வைத்தார்கள். அவர் தோற்றார், ஓகே நின்றது. இதையெல்லாம் பழைய பத்திரிகைகளைப் புரட்டி 1960களில் நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழி ஆய்வாளர். ஒரு சின்னச் சொல்லுக்காக அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது.

பவுண்டு என்பதற்கு ஏன் எல்.பி. என்று போடுகிறார்கள்? அந்த எழுத்துகளே சொல்லில் இல்லையே?

பவுண்டு ஆங்கிலச் சொல், எல்.பி. அதன் லத்தீன் பெயரான லிப்ராவின் சுருக்கம். லிப்ரா ரோமானியர்களின் எடை. தராசுக்கும் அதே பெயர். பிரிட்டிஷ் பணத்தின் £ குறியும் இந்த எல் எழுத்துதான். நம் வீட்டில் தங்கத்தைப் பவுன் என்கிறோமே, அது ஒரு பவுண்டு மதிப்புள்ள ஆங்கிலேயர் காலத்துத் தங்க நாணயத்திலிருந்து வந்தது. நாணயத்தின் பெயர் சாவரின். சவரன் என்பதும் அதுவே. நாணயம் எட்டு கிராமுக்கு மிகச் சற்றுக் குறைவு, நாம் எட்டாக வைத்துக்கொண்டோம்.

நம்பருக்கு என், ஓ என்று போடுவதும் இப்படித்தான். லத்தீன் நூமெரோவின் முதலும் கடைசியும்.

மிஸ்டருக்குப் பின்னால் புள்ளி வைக்க வேண்டுமா?

அமெரிக்கர்கள் வைப்பார்கள். பிரிட்டனில், சுருக்கத்தின் கடைசி எழுத்தும் முழுச் சொல்லின் கடைசி எழுத்தும் ஒன்றாக இருந்தால் வைப்பதில்லை. மிஸ்டர், டாக்டர் இரண்டும் அப்படி. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடிதம் முழுவதும் அதையே செய்யுங்கள்.

மணமானவரா இல்லையா என்று தெரியாத பெண்ணுக்கு எழுதும்போது மிஸ், மிஸ்ஸஸ் இரண்டையும் விட்டு எம், எஸ் என்று போடும் மிஸ் எழுதுவதே மரியாதை. 1901-இலேயே அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலப் பத்திரிகை ஒன்று இந்த யோசனையைச் சொன்னது, 1970களில்தான் பரவலானது. வகுப்பில் ஒரு கடைக்காரர், பில்லில் எம்/எஸ் என்று தன் கடைப் பெயருக்கு முன் இருப்பதைக் காட்டி, 'என் கடையைப் பெண்ணாக்கிட்டாங்களா?' என்று கேட்டார். அது மெசர்ஸ், மிஸ்டரின் பன்மை. கூட்டாக வியாபாரம் செய்பவர்களைக் குறிப்பது.

சி/ஓ, டபிள்யூ/ஓ என்று சாய்கோடு போட்டவை?

முகவரியில் சி/ஓ என்றால் கேர் ஆஃப், இன்னாரின் பொறுப்பில். டாக்டரின் குறிப்பில் அதே சி/ஓ, கம்ப்ளெய்ன்ஸ் ஆஃப், நோயாளி சொல்லும் தொந்தரவு. நம் சான்றிதழ்களில் டபிள்யூ/ஓ என்றால் இன்னாரின் மனைவி. அமெரிக்காவில் அது விதவுட், 'இல்லாமல்'. வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் வைஃப் ஆஃப் என்று விரித்தே எழுதிவிடுங்கள்.

பின் நம்பர், ஏடிஎம் மெஷின் என்பது தவறா?

பின் என்பதிலேயே நம்பர் இருக்கிறது, ஏடிஎம்மிலேயே மெஷின் இருக்கிறது. இருந்தாலும் பேச்சில் இதைத் திருத்த நான் மெனக்கெடுவதில்லை. 'நடுசென்டர்' மாதிரி, கேட்பவருக்குத் தெளிவாகப் புரிகிறது. எழுத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். இன்னொன்று: தபால் பின் வேறு, வங்கிப் பின் வேறு. தபாலுக்கு போஸ்டல் இண்டெக்ஸ் நம்பர், 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. வங்கிக்கு பர்சனல் ஐடென்டிஃபிகேஷன் நம்பர். முதலாவதை எல்லோரிடமும் சொல்லலாம், இரண்டாவதை யாரிடமும் சொல்லக் கூடாது.

பிள்ளைகள் 'யூ'வுக்கு ஒற்றை எழுத்து, பிளீஸுக்கு மூன்று எழுத்து என்று எழுதுகிறார்கள். மொழி கெட்டுவிடாதா?

இந்தக் கவலை மிகப் பழையது. 1710-இல் ஜானதன் ஸ்விஃப்ட் லண்டன் இதழ் ஒன்றில், சொற்களின் வாலை வெட்டும் பழக்கத்தைக் கண்டித்து எழுதினார். அவர் வெறுத்த சொற்களில் ஒன்று மாப், கும்பல் என்ற பொருளில் வருவது. மொபிலே வல்கஸ் என்ற லத்தீன் தொடரை வெட்டியது. இன்று மாப் சுத்தமான ஆங்கிலச் சொல். அதே பட்டியலில் இருந்த பாஸ், அதாவது பாசிடிவ் என்பதன் வெட்டு, காணாமல் போய்விட்டது. எது நிற்கும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கைப்பேசித் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று நாம் நினைக்கும் ஓ.எம்.ஜி.யை 1917-இலேயே ஃபிஷர் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் போட்டிருக்கிறார்.

எஸ்.எம்.எஸ். காலத்தில் சுருக்கியதற்கு நியாயமும் இருந்தது. ஒரு செய்தியில் 160 எழுத்துதான். அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் எழுதினால் 70, ஏனென்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அதிக இடம் பிடிக்கும். 'நன்றி' நமக்கு மூன்று எழுத்து; கருவிக்கு ந, ன, புள்ளி, ற, இகரக் கொக்கி என்று ஐந்து. தமிழில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் இரண்டாவது செய்திக்குக் காசு போகும். நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். இன்று வாட்ஸ்அப்பில் அந்த அளவு கிடையாது. அதனால் என் அறிவுரை: நண்பனுக்கு எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும், வேலைக்கான விண்ணப்பத்திலும் ஆசிரியருக்கான கடிதத்திலும் யூ என்பதை மூன்று எழுத்தாகவே எழுதட்டும்.

வோன்ட் என்பது வில் நாட் என்றால், அதில் 'ஓ' எங்கிருந்து வந்தது?

வில் என்பதற்கு இடைக்கால ஆங்கிலத்தில் வோல் என்றும் ஒரு வடிவம் இருந்தது. வோல் போய்விட்டது, வோன்ட் நின்றுவிட்டது. மேலே போடும் சிறு கொக்கி, எழுத்து விழுந்த இடத்தைக் காட்டுவது. ஓ'கிளாக்கில் விழுந்தவை அதிகம்: ஆஃப் த கிளாக். சுருக்கத்தைப் பன்மையாக்கும்போது அந்தக் கொக்கி வேண்டாம், எம்.எல்.ஏ.க்கள் என்று சொல்ல எஸ் மட்டும் சேர்த்தால் போதும்.

ஆங்கில விண்ணப்பத்தில் என் இனிஷியலை என்ன செய்வது?

இங்கேதான் நம் வழக்கமும் அவர்கள் வழக்கமும் முட்டிக்கொள்கின்றன. ஆங்கிலேயருக்கு இனிஷியல் என்றால் அவரவர் பெயரின் முதல் எழுத்துகள். நமக்கு அது அப்பாவின் பெயர், சிலருக்கு ஊர், திருமணமான பெண்கள் பலருக்குக் கணவர் பெயர். பான் அட்டை விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் அந்த ஓர் எழுத்து போதாது, விரித்தே எழுத வேண்டும். சர்நேம் என்ற கட்டத்தைப் பார்த்ததும் பலர் திகைத்துவிடுகிறார்கள். இனிஷியலின் விரிவை அதில் போடுவதே நம்மில் பெரும்பாலோர் செய்வது.

முதல் நாள் வகுப்பிலேயே எல்லோரையும் தங்கள் இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஒரு அம்மா, பேனாவைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தார். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ரேஷன் கார்டில் கணவரின் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இரண்டுமே இல்லை. மகளைப் பார்க்க விமானத்தில் போக வேண்டியிருந்தது அவருக்கு. டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்றேன். அன்று மாலை மூன்று ஆவணங்களையும் மேசையில் பரப்பி, எந்தப் பெயர் எங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டோம். நீங்களும் அதையே முதலில் செய்யுங்கள்: விரித்த பெயரை, ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறாமல், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இனி நிரப்பும் ஒவ்வொரு படிவத்திலும் அதைப் பார்த்தே எழுதுங்கள்.